மதியத்துக்கு மட்டும் ஒப்படைத்த மேசைகள்

கடலில் காணாமல் போனவரை நான் அதற்குப் பிறகு முதல்முறை பார்த்தது மாரண்டஹள்ளி பஸ்ஸில். நல்ல வெயில் நேரம். முன்பக்கம், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், எந்தக் கம்பியையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். பஸ் வளைவில் சாய்ந்தபோது மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். அவர் மட்டும் முழங்காலை லேசாக மடக்கி, இடுப்புக்கு மேலே அசைவில்லாமல் நின்றார். கையில் தட்டு நிறையச் சூப்பை வைத்துக்கொண்டு ஆடுகிற கப்பலில் நடந்து பழகியவர்களுக்குத்தான் அந்த நிலை வரும். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போவதற்குள் பஸ் நின்றது. கூடைகள் இறங்கின. ஆட்கள் இறங்கினார்கள். அவரைக் காணோம்.

அதற்குப் பிறகு தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பெங்களூர் போகும் ரயில் புறப்படும்போது ஜன்னலோரம் பார்த்தேன். ஒருமுறை சித்தேரி மலைப்பாதையில், தேன் வாங்கப் போன இடத்தில், கொஞ்ச தூரம் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். எப்போதும் முதுகுதான். எண்ணெய் வைத்துப் பின்னால் படிய வாரிய அடர்ந்த முடி, அதற்குக் கீழே நேரான கழுத்து. கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுத் திரும்பினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. பட்டினி, அடி, ஜெயில் வாசல் எல்லாம் பார்த்தவன் நான். இதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை.

நான் பிறந்தது மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில். ஆறாவது வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனராக ஏறி, மதராஸ் துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவி, அந்தக் கடைக்கு வந்துபோன ஒருவர் சொல்லிவிட்டதால் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தேன். மதராஸிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய் வரும் பயணிகள் கப்பல் அது. கீழே சரக்கு அறையை ஒட்டிய தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு தோட்டத்து ஜனங்கள் போவார்கள். வாளியில் சோறும் குழம்பும் வரும், வரிசையில் நின்று வாங்கிக்கொள்வார்கள். மேலே முதல் வகுப்பு. அங்கே ஒரு சாப்பாட்டுக் கூடம். சுவரெல்லாம் தேக்கும் கண்ணாடியும். நான் முதலில் அந்தக் கூடத்துக்குப் பின்னால் பாத்திரம் துடைத்தேன். பிறகு வெள்ளைக் கோட்டும் வட்டத் தொப்பியும் கொடுத்து என்னை மேசைக்கு அனுப்பினார்கள்.

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் பலர். ஆனால் சேர்ந்த அன்றே என்னைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டவர் ஒருவர். நான் யாரிடமோ "வூட்டுல சொல்லாம வந்துட்டேன்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஏய், வூடா? எந்தப் பக்கம்டா நீ? தருமபுரியா?"

"மாரண்டஹள்ளிங்க."

"அட, நம்ம ஜில்லாக்காரன். தண்ணி இல்லாத ஊர்ல இருந்து தண்ணிய பாக்க வந்துட்டியா? வா, மேல் கட்டில் காலியாதான் கெடக்குது."

தருமபுரிக்குப் பக்கத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவக் குடியானவர்கள், இருக்கும் ஒரு கிராமம் அவருக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஊரில் மனைவி, தாய், ஒரு பெண் குழந்தை. நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன்.

அந்தக் கூடத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேசைத் துணி நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும். கத்தி வலப்பக்கம், முள் இடப்பக்கம், சாப்பிடும் வரிசைப்படி வெளியிலிருந்து உள்ளே. மதியம் குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், பச்சைக் காய்கறி, மீன், கறிக்குழம்பும் சோறும். இரவில் சூப்பில் தொடங்கிப் பழம் வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடப்பக்கம் நின்று பரிமாற வேண்டும், வலப்பக்கம் நின்று எடுக்க வேண்டும். ஒருவர் முடித்துவிட்டாலும் அந்த மேசையில் எல்லோரும் முடிக்கிறவரை தட்டில் கை வைக்கக் கூடாது. கடல் கெட்டால் மேசைத் துணியில் தண்ணீர் தெளிப்போம். ஈரத்துணியில் தட்டு வழுக்காது. மேசை விளிம்பில் மடித்திருக்கும் மரச்சட்டத்தை நிமிர்த்துவோம். சூப்பைப் பாதித் தட்டுக்கு மேல் ஊற்ற மாட்டோம். அண்ணன் மட்டும் முக்கால் தட்டு ஊற்றி, துணியில் ஒரு சொட்டு விழாமல் கொண்டுபோய் வைப்பார்.

பயணிகளின் பழக்கங்களை எழுதி வைக்கக் கூடாது என்பது கூடத்துக்குத் தலைவரான பட்லரின் சட்டம். எழுதிய காகிதம் பயணி கண்ணில் பட்டால் அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் எல்லாம் மனதில்தான். யாருக்கு எலுமிச்சை ஆகாது, யாருக்கு ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும், எந்தக் கணவனும் மனைவியும் காலையில் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதுவரை. ஒருவன் தன் மேசையை இன்னொருவனிடம் விடவேண்டி வந்தால் வாயால்தான் ஒப்படைப்பான். அதை நாங்கள் மேசை கொடுப்பது என்போம். உடம்பு சரியில்லாதவன் அந்த வேளைக்கு மேசை கொடுப்பான். கப்பலை விட்டே இறங்குகிறவன் காலைக் காபியிலிருந்து கடைசி இரவு விருந்து வரைக்கும் கொடுப்பான்.

அன்றைக்கு நாங்கள் மதராஸிலிருந்து போய்க்கொண்டிருந்தோம். காலையில் நாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரம் போட்டாயிற்று. அங்கே கப்பல் கரைக்குப் போகாது. கரையிலிருந்து பெரிய படகுகளில் ஆட்களும் மூட்டைகளும் வருவார்கள். மாலையில் புறப்பாடு. காலைச் சாப்பாடு முடிந்து நான் கண்ணாடிக் குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார்.

"தம்பி, என் ரெண்டு மேசையும் பாத்துக்க. பட்லர் கேட்டா வயித்து வலின்னு சொல்லு."

"என்னாச்சுண்ணே?"

"படுக்கறேன்." பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார். தோட்டத்துத் துரைக்கு வெள்ளரிக்காய் வைக்கக் கூடாது. துரையம்மாவுக்கு மீனை முள் எடுத்துத்தான் வைக்க வேண்டும். பினாங்குச் செட்டியாருக்குக் குளிர்ந்த இறைச்சியைக் காட்டவே கூடாது, நேராகக் குழம்பும் சோறும். அந்தச் சின்னப் பெண்ணுக்கு வாழைப்பழத்தை மசித்துச் சர்க்கரை போட வேண்டும், அவளைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டும். "சிரிக்கலன்னா சாப்பிடாது அது. உன் மூஞ்சிக்குக் கஷ்டம்தான், என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் நான் அவர் மேசைகளைப் பார்த்தேன். பிறகு அறைக்குப் போனேன். கட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. கொக்கியில் வெள்ளைக் கோட்டு தொங்கியது.

கப்பல் முழுவதும் தேடினார்கள். என்னைக் கூப்பிட்டு விசாரித்த அதிகாரி, "மேசை கொடுத்துவிட்டுப் போனானா?" என்று கேட்டார். கொடுத்தார் என்றேன். நடந்தது அதுதான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கரைக்குத் திரும்பிய படகில் சுமைகாரர்களோடு இறங்கி ஓடிவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். கப்பலின் கணக்கில் அவர் செத்தவர் அல்ல, ஓடிப்போனவர்.

அன்று இரவிலிருந்து அந்த இரண்டு மேசைகளும் எனக்கு வந்தன. மேசைக்குப் பின்னால் கைகட்டி நிற்கும்போது எதிர்க் கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் இன்னொரு வெள்ளைக் கோட்டு தெரியும். அது பக்கத்து மேசைக்காரனாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். இன்னும் சில பயணங்கள் ஓட்டினேன். பிறகு முடியவில்லை. மதராஸில் இறங்கினவன் திரும்ப ஏறவில்லை.

ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை நான். ஓசூரில் கொஞ்ச நாள், கர்நாடகத்தில் ஒரு அணைக்கட்டு வேலையில் கொஞ்ச நாள். எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாயின் பிரியாணிக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். பழக்கம் விடவில்லை. இடப்பக்கம் நின்று தட்டை வைப்பேன், வலப்பக்கம் வந்து எடுப்பேன். லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

"ஏம்ப்பா, பொண்ணு கழுத்துல தாலி கட்டற மாதிரி சுத்திச் சுத்தி வர்றியே, எறக்கி வெச்சிட்டுப் போயேன்."

"அது கப்பலுங்க. அப்படித்தான் ஆடும்" என்பார் பாய் கல்லாவிலிருந்து. அந்தக் கடையில் என் பெயரே கப்பல்தான்.

அந்தப் பெயர்தான் அவளை என்னிடம் கொண்டுவந்தது. ஒரு முற்பகல், ஒரு பெண்ணும் ஒரு ஆணும் கடை வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை. பாய் என்னை அனுப்பினார். அந்தப் பெண் அண்ணனின் மனைவி. கூட வந்தவர் அவளுடைய அண்ணன், தருமபுரியில் கொத்து வேலை பார்ப்பவர். அவளை நான் பார்த்ததில்லை. கப்பலில் அண்ணன் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த படத்தில் அவளுக்கு இன்னும் கன்னம் இருந்தது.

"தம்பி, நீங்க அவுரு கூட இருந்தவருங்களா?"

"ஆமாங்க அண்ணி."

"அவுரு உசுரோட இருக்காரா, இல்லியா?"

வணக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை. பஸ் ஹாரன்களுக்கு நடுவில், வெயிலில் நின்றுகொண்டு கேட்டாள். தெரியாது என்றேன்.

அவளுடைய அண்ணன்தான் விவரம் சொன்னார். அவளைக் கட்டிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார். மனைவி இறந்தவர், நல்லவர், குழந்தையையும் ஏற்றுக்கொள்கிறார். ஆனால் கோயிலில் ஜனங்கள் முன்னால் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கப் பங்குச் சாமியார் சம்மதிக்கவில்லை. ஓடிப்போன புருஷன் உயிரோடிருக்கும் புருஷன்தானே. செத்தவர் என்றால் பூசை வைக்கலாம், அவளும் வெள்ளை கட்டலாம் அல்லது வேறொருவரைக் கட்டிக்கொள்ளலாம். இப்போது எதுவும் முடியாது. மாமியார் மகன் வருவான் என்று காத்திருக்கிறாள். மருமகளை வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன் என்கிறாள். "கப்பல்ல இருந்த ஆளு யாராச்சும் வந்து சொல்லட்டும், அப்பறம் பாக்கலாங்கறாரு சாமி. நீங்க வந்து சொல்லுங்க."

"எனக்குத் தெரியாததை எப்படிங்க சொல்றது?"

"தெரிஞ்சத சொல்லுங்க தம்பி. அது போதும்" என்றாள் அவள்.

நான் பார்க்கிற முதுகைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. அது தெரிந்ததில் சேருமா என்று எனக்கே தெரியவில்லை. உண்மையில் நான் போகப் பயந்தது அதனால்தான். செத்துவிட்டார் என்று சாமியார் முன்னால் சொல்லிவிட்டு வெளியே வந்தால், பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சாமியாரின் வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாமியார் வயதானவர், கண்டிப்பானவர் என்றாலும் குரல் உயர்த்தாதவர். ஒரு பக்கம் அண்ணனின் தாய், கறுத்து உயர்ந்த கிழவி, சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் அவள், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு. வெளியே, வேப்பமரத்தடியில், அந்தக் குழந்தை வேறு பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வயதிருக்கும்.

சாமியார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடலில் விழுந்ததைப் பார்த்தாயா? இல்லை. படகில் ஏறியதைப் பார்த்தாயா? இல்லை. ஏதாவது மனக்கஷ்டத்தில் இருந்தாரா? தெரிந்தவரை இல்லை. மேசையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்றேன்.

"அப்படின்னா போகணும்னு தீர்மானம் பண்ணித்தான் போயிருக்காரு" என்றார் சாமியார்.

"நான் சொல்லலிங்களா? எம்மவன் எங்கியோ இருக்கறான்" என்றாள் கிழவி. அவளுடைய குரலில் சந்தோஷமே இருந்தது. "கோவம் தீந்தா வருவான். அவுங்கப்பனும் அப்படித்தான், ஒருக்கா மைசூருக்குப் போயி ரெண்டு வருஷம் கழிச்சி வந்தாரு."

எழுந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்போது மருமகள் பேசினாள்.

"தம்பி, அன்னிக்கி அவுரு உங்ககிட்ட என்னென்ன சொன்னாரு? முழுசா சொல்லுங்க. ஒண்ணும் வுடாதிங்க."

சொன்னேன். வெள்ளரிக்காய், மீன் முள், செட்டியாரின் குழம்பும் சோறும், மசித்த வாழைப்பழம். அவர் என் முகத்தைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். சிரித்ததை உடனே துடைத்துக்கொண்டாள்.

"இதெல்லாம் எந்த வேளைக்கு?"

"மத்தியானத்துக்குங்க."

"ராத்திரிக்கு?"

விரலை மடக்கி எண்ணத் தொடங்கினேன்.

ராத்திரிக்கு என்ன சொன்னார்? அந்த இரவுச் சாப்பாடு என் கண்முன்னால் வந்தது. துரைக்குப் பாலேடு கலந்த சூப்பைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு விரலால் தட்டைத் தள்ளினார். இரவில் அவர் தெளிந்த சூப் மட்டும்தான் சாப்பிடுவாராம். பட்லர் என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய், "மேசை கொடுத்துட்டுத்தானே போனான், காது எங்கே போச்சு உனக்கு?" என்று கேட்டார். எனக்கு மறந்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்துவிட்டேன். மறக்கவில்லை. அவர் சொல்லவே இல்லை. சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மறுநாள் காலைக் காபியைப் பற்றி இல்லை, பினாங்கு போய்ச் சேரும்வரைக்கும் உள்ள எதைப் பற்றியும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அவர் கொடுத்தது ஒரு வேளை மேசை.

"ராத்திரிக்கு ஒண்ணும் சொல்லலிங்க அண்ணி."

"அதனால?" என்றார் சாமியார்.

எங்கள் வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். ஒரு வேளைக்குக் கொடுப்பது எப்படி, முழுக்கக் கொடுப்பது எப்படி என்று. "அவுரு அப்படி விட்டுட்டுப் போற ஆள் இல்லிங்க சாமி. ஓடிப்போறதா இருந்தாக்கூட முழுசா குடுத்துட்டுத்தான் போவாரு. ராத்திரிப் பரிமாற அவரே வர்றதா இருந்தாரு."

"எங்க போயிட்டு?" என்று கிழவி கேட்டாள்.

அந்த அறையில் பதில் தெரிந்தவள் ஒருத்திதான். அது அவளுக்கு என்னிடம் கேட்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ராத்திரிக்கு என்று அவள் கேட்டது அதனால்தான். அவள் அப்போது பேசாமல் இருந்திருக்கலாம். என் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு அவர் செத்தவர்தான் என்று சாமியார் மேலிடத்துக்கு எழுதியிருப்பார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"வேளாங்கண்ணிக்கி, அத்தை."

குழந்தைக்கு முதல் வயதில் வலிப்பு வந்து பிழைத்தது. வேளாங்கண்ணி மாதாவுக்குத் தன் தலையை மொட்டை போடுவதாக அண்ணன் வேண்டிக்கொண்டார். கப்பல் வேலையில் போக முடியவில்லை. அடுத்த வருடம் குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. அவர் கடைசியாக லீவில் வந்திருந்தபோது இவள் சண்டை போட்டாள்.

"கப்பலு அந்தம்மா வாசல்லதான போயி நிக்குது, எறங்கி ஒரு எட்டு போயிட்டு வந்தா என்னா, எம்புள்ளைய விட அந்தத் தொரைங்க சோறு பெருசான்னு கேட்டேன். சரி, இந்தத் தடவ எப்படியாச்சும் போறேன்னாரு." மாமியாரைப் பார்த்தபடியே சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. எறங்கறது தெரிஞ்சா வேல போயிடுமாம்."

நாகையிலிருந்து வேளாங்கண்ணி பஸ்ஸில் போனால் பக்கம். மாலையில் புறப்படும் கப்பலுக்குள் போய்வந்துவிடலாம். மொட்டையடித்தாலும் வட்டத் தொப்பிக்குள் இரவு யாருக்கும் தெரியாது. நான் அத்தனையையும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. கரையில் தங்கிவிட்டிருந்தால் மறுநாளே அவர் ஊருக்கு வந்திருப்பார். வரவில்லை. அப்படியானால் கரைக்கும் கப்பலுக்கும் நடுவில்.

கிழவி மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயா அனுப்புன?"

"நான்தான் அத்தை."

கிழவி திரும்பி வாசல் வழியாக வேப்பமரத்தடியைப் பார்த்தாள். அந்தக் குழந்தை யாரையோ துரத்திக்கொண்டு சிரித்தபடி ஓடியது. கிழவி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.

சாமியார் ஒரு கடிதம் கொடுத்து, அவளுடைய அண்ணனை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார். அங்குள்ள சாமியாரை வைத்துக்கொண்டு விசாரிக்கச் சொன்னார். கொத்தனார் திரும்பி வந்த அன்று தங்கச்சியிடம் போவதற்கு முன்னால் எங்கள் கடைக்குத்தான் வந்தார். டீ வைத்தேன். குடிக்கவில்லை.

"சாமி கேட்டதனால வாயத் தொறந்தானுங்க. போலீசுக்குப் பயந்து இத்தன வருஷம் மூச்சு வுடலியாம். அன்னிக்கி மத்தியானத்துக்கு மேல காத்து ஏறிக்கிச்சாம். பெரிய படகெல்லாம் நிறுத்திப்புட்டாங்களாம். அப்ப ஒரு ஆளு, மொட்ட அடிச்சி சந்தனம் பூசிக்கிட்டு, வெள்ள பேன்ட்டு போட்டுக்கிட்டு ஓடி வந்தாராம். கப்பலு கெளம்பறதுக்குள்ள ஏத்தி வுட்டுடுங்கன்னு கால்ல வுழாத கொறையாக் கெஞ்சுனாராம். ரெண்டு பேரு கட்டுமரத்துல ஏத்திக்கிட்டுப் போனானுங்க. அலை பொரட்டிடுச்சி. அவனுங்க கட்டையப் புடிச்சிக்கிட்டானுங்க. மச்சான் மேல வரலியாம்."

நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்தேன். மொட்டை. அவர் செத்தபோது தலையில் ஒரு முடி இல்லை. நான் பஸ்ஸிலும் ரயிலிலும் மலைப்பாதையிலும் பார்த்தது முடி நிறைந்த தலை. அது அவர் இல்லை. எதுவும் அவர் இல்லை. இது எனக்கு நிம்மதி கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவராக இருந்தவரைக்கும் அது எனக்குத் தெரிந்த மனிதர். அதற்குப் பிறகும் ஓரிரு முறை அந்த முதுகைப் பார்த்தேன். யாருடையது என்று இனிமேல் எனக்குத் தெரியாது.

பூசை வைத்தார்கள். உடல் இல்லாததால் கோயில் நடுவில் ஒரு வெறும் மேடை மாதிரி வைத்து, அதன்மேல் கறுப்புத் துணி போர்த்தி, சுற்றி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சாமியார் அதைச் சுற்றி வந்து தூபம் காட்டினார், தீர்த்தம் தெளித்தார். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதாள். அழ அனுமதி கிடைத்தவள் போல அழுதாள். கிழவி வரவில்லை. கொஞ்ச மாதங்கள் கழித்து ஓலை வாசித்தார்கள். மனைவியை இழந்த அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் நடந்தது. சத்தமில்லாமல் ஒரு வண்டியில் பெட்டியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு போனாள். கிழவி தடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம். கிழவி கடைக்குள் வந்தாள். வாழ்நாளில் ஓட்டல் படி ஏறியிருக்க மாட்டாள். எங்கே உட்காருவதென்று தெரியாமல் கல்லாப் பக்கம் நின்றாள். பாய் எழுந்து, "உக்காருங்க ஆயா" என்று பெஞ்சைக் காட்டினார். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் நின்றேன்.

"உக்காருப்பா. நிக்காத" என்றாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"கெணத்துல நல்லா நீந்துவான். எங்க பெரிய கெணத்துல மேலருந்து குதிப்பான்."

"கடலு வேற ஆயா."

"அப்படித்தான் சொல்றாங்க." கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள். "கப்பலு கரையிலருந்து தூரமா?"

"ரொம்பத் தூரம் இல்ல ஆயா. கரை தெரியும். தென்ன மரம் தெரியும்."

"அங்கருந்து பாத்தா கட்டுமரம் தெரியுமா?"

"தெரியும்."

"காத்து அடிக்கறப்போ?"

"அப்பவும் தெரியும் ஆயா. மேல கீழ போயிப் போயி வரும்."

அவள் தலையை ஆட்டினாள். அதைத் தன் கண்ணுக்குள் நிறுத்திக்கொண்டது போல இருந்தது. பிறகு கேட்டாள்.

"அந்த நேரத்துல நீ என்னா பண்ணிக்கிட்டிருந்த?"

யோசித்தேன். மத்தியானத்துக்கு மேல், காற்று ஏறிய நேரம், புறப்பாட்டுக்கு முன்னால். முதல் வகுப்பில் நாலு மணி டீ.

"டீக்கு கேக்கு வெட்டிக்கிட்டிருந்தேன் ஆயா. துண்டெல்லாம் ஒரே அளவா இருக்கணும். அதைப் பாத்து வெட்டிக்கிட்டிருந்தேன்."

"அந்த ரூமுல சன்னலு இல்லியா?"

"இருந்துச்சு. வட்டமா ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

"கரைப் பக்கம்."

கிழவி தண்ணீர்க் குவளையை எடுத்து அண்ணாந்து குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். என் மேல் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"பாத்திருக்கலாம்" என்றாள்.

எழுந்தாள். நான் அவளோடு பஸ் வரைக்கும் நடந்தேன். ஏறும்போது கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.